கத்தி படாமல் வளரும் செர்ரி: சிறு முற்றத்திற்கு எந்த மரம் பொருந்தும்?

லண்டனின் வடமேற்குப் பகுதியில் உள்ள வரிசை வீடுகளின் முன்முற்றம் பெரும்பாலும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு துண்டு நிலம்தான். குப்பைத் தொட்டிகளுக்கும் நடைபாதைக்கும் கொடுத்தது போக மிஞ்சும் இடத்தில் பாய் ஒன்றை விரிக்கலாம். பின்தோட்டம் சற்று நீளமாக இருந்தாலும், அகலம் அதே வீட்டின் அகலம்தான். இரு பக்கமும் பலகை வேலியும், வேலிக்கு அப்பால் அயலவரின் காய்கறிப் பாத்தியும் துணிக்கொடியும் இருக்கும். ஏப்ரல் மாதம் தெருவோரத்துச் செர்ரிகள் பூத்துக் குலுங்கும்போது, நம் வீட்டு வாசலிலும் ஒன்று நிற்க வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வருகிறது. அந்த ஆசையோடு நாற்றுப்பண்ணைக்குப் போனால், ஒடுங்கி உயர்ந்த செர்ரி என்ற பெயரில் நான்கைந்து வகைகளைக் காட்டுவார்கள். கன்றுப் பருவத்தில் அவை எல்லாமே ஒல்லியாகத்தான் தெரியும். இருபது ஆண்டு கழித்து எது எப்படி நிற்கும் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

எந்த மரமாக இருந்தாலும், வளர்ந்துவிட்டால் வெட்டி அடக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது நம் வழக்கம். முருங்கையையும் கொய்யாவையும் வெட்டி வெட்டி வளர்த்த நமக்கு அது இயல்பான நினைப்புதான். செர்ரியிடம் அது செல்லாது. ‘செர்ரியை வெட்டுபவன் மூடன், உமே என்னும் ஜப்பானியப் பிளம் மரத்தை வெட்டாதவன் மூடன்’ என்ற பொருளில் ஜப்பானியரிடம் ஒரு பழமொழியே உண்டு. செர்ரியின் வெட்டுக்காயம் எளிதில் மூடாது. திறந்த காயத்தின் வழியாக வெள்ளியிலை நோய் என்று சொல்லப்படும் பூஞ்சை நோயும், பட்டையை அழுகச் செய்து பிசினை ஒழுக விடும் பாக்டீரியாப் புண் நோயும் உள்ளே நுழைகின்றன. வெள்ளியிலைப் பூஞ்சையின் வித்துகள் மழையும் ஈரமும் மிகுந்த இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அதிகம் பரவுவதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட நாட்களில்தான் செர்ரிக்குக் கவாத்து செய்ய வேண்டும் என்பது இங்குள்ள தோட்டக்காரர்களின் கட்டாய விதி. அப்போதும் காய்ந்த கிளை, உரசும் கிளை என்று தேவையானவற்றை மட்டுமே எடுப்பார்கள்.

இந்த விதியை மீறினால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டில் கண்ணால் பார்த்தேன். பின்வேலி ஓரம் கான்சான் வகைச் செர்ரி ஒன்று நின்றது. அதன் கிளைகள் அயலவர் பக்கம் சாய்ந்திருந்தன. எல்லையைத் தாண்டி வந்த கிளையை எல்லைக்கோடு வரை வெட்ட இங்கிலாந்துச் சட்டம் அயலவருக்கு உரிமை தருகிறது. அவரும் அந்த உரிமைப்படி ஆள் வைத்து வெட்டினார். ஆனால் வெட்டியது ஜனவரி மாதத்து மழையில். அடுத்த ஆண்டு கோடையில் ஒரு பெருங்கிளையின் இலைகள் மட்டும் ஈயம் பூசியதுபோல் மங்கலாக மினுங்கின. இலையின் மேல்தோல் உள்சதையிலிருந்து விலகி, இடையில் காற்றுப் புகுவதால் வரும் மினுக்கம் அது. அந்தக் கிளையை அறுத்தபோது வெட்டுமுகத்தின் நடுவில் தேயிலைச் சாயம் ஊறியதுபோல் ஒரு பழுப்புக் கறை இருந்தது. பிறகு மரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அயலவர் மீது எனக்குக் குறையில்லை. அந்த இடத்துக்குப் பொருந்தாத அகலமுள்ள மரத்தை என்றோ யாரோ நட்டதுதான் குற்றம்.

ஆகவே சிறு இடத்துக்குச் செர்ரி தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி பூவின் நிறத்தைப் பற்றியதல்ல. கத்தியே படாமல் விட்டால் இந்த மரம் தானாக எந்த வடிவத்துக்கு வந்து நிற்கும், அந்த வடிவத்துக்கு என் நிலத்தில் இடம் இருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி. கீழ்வரும் வகைகளை அந்தக் கண்ணோடுதான் ஒப்பிடுகிறேன்.

ஒடுங்கிய செர்ரி என்றதும் முதலில் வரும் பெயர் அமனோகவா. ஜப்பானிய மொழியில் ‘வானத்து ஆறு’ என்று பொருள். நாம் ஆகாய கங்கை என்று சொல்லும் அதே பால்வீதியைத்தான் அவர்களும் ஆறாகக் கண்டிருக்கிறார்கள். பூத்த நாளில் இந்த மரத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் பெயரின் பொருத்தம் புரியும். கிளைகள் பக்கவாட்டில் பரவாமல் தண்டை ஒட்டியே செங்குத்தாக எழுகின்றன. பூக்கொத்துகளும் தொங்காமல் நிமிர்ந்தே நிற்கின்றன. இளஞ்சிவப்பு மொட்டு விரிந்து, வெண்மை கலந்த மெல்லிய ரோசா நிறத்தில் ஓரடுக்குக்கு மேற்பட்ட இதழ்களோடு பூக்கும். இலங்கை, தமிழ்நாட்டு மூக்குக்கு மல்லிகையைப்போல வந்து மோதும் மணமல்ல என்றாலும், வெயில் ஏறிய பகலில் அருகே போய் நின்றால் மென்மையான நறுமணம் தெரியும். அலங்காரச் செர்ரிகளில் பல மணமே இல்லாதவை என்பதால் இதை ஒரு சிறப்பாகவே சொல்ல வேண்டும். லண்டனில் ஏப்ரல் பிற்பகுதியில் பூப்பதால் பின்பனியில் பூ கருகும் ஆபத்தும் குறைவு. பூ உதிர்ந்தபின் இளந்தளிர் வெண்கல நிறம் கலந்து வரும். அக்டோபரில் இலைகள் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாக மாறும். ஆண்டுக்கு இரண்டு வாரம் பூத்துவிட்டு மீதி ஐம்பது வாரமும் சும்மா நிற்கும் மரம் சிறு இடத்துக்குத் தகாது என்று நினைப்பவன் நான். அந்த அளவுகோலில் அமனோகவா நன்றாகவே தேறுகிறது.

ஆனால் அகலம் பற்றிய பேச்சில்தான் இந்த மரத்தின் மேல் எனக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. விற்பனைச் சீட்டுகள் பலவும் ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் என்று எழுதியிருக்கும். முதல் பத்து ஆண்டுக்கு அது பொய்யல்ல. அதன் பிறகு, நெருக்கமாக எழுந்த கிளைகள் பூவின் எடையாலும் ஈரப்பனியின் எடையாலும் சிறிது சிறிதாக வெளிப்பக்கம் சாயத் தொடங்குகின்றன. கட்டு தளர்ந்த விளக்குமாறு எப்படி மேலே விரிந்து நிற்குமோ, அப்படித்தான் முதிர்ந்த அமனோகவா நிற்கும். முழு வளர்ச்சியில் உயரம் 8 மீட்டர் வரையும் மேற்பகுதியின் அகலம் 4 மீட்டர் வரையும் போகக்கூடும். எங்கள் தெருமுனை வீட்டில் நிற்கும் பழைய மரத்தின் அடியில் தோள் இடிக்காமல் நடக்கலாம். மேல்மாடி சன்னல் மட்டத்திலோ அதன் கிளைகள் இரு வீட்டுக்கும் பொதுவாகிவிட்டன.

இதைத் தள்ளிப்போடக் கன்று வாங்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அமனோகவா இரு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, ஆளுயரம் வரை கிளை நீக்கி, தண்டை வெறுமையாக்கி வளர்த்தது. மற்றது, தரையிலிருந்தே கிளைகளோடு விட்டது. முதல் வகையில் எல்லாக் கிளைகளும் ஒரே இடத்தில் குவிந்து கிளம்புவதால் விரைவில் பிளந்து விரிகின்றன. அடியிலிருந்தே கிளை உள்ள கன்றில் எடை தண்டின் நெடுகிலும் பகிரப்படுவதால் தூண் வடிவம் நெடுநாள் நிலைக்கிறது. விலையில் பெரிய வேறுபாடு இல்லாதபோது இரண்டாவதையே எடுங்கள். பனி கொட்டும் நாளில் நீண்ட கழியால் கிளைகளை மெல்லத் தட்டிப் பனியை உதிர்த்துவிடுவதும், சாயத் தொடங்கிய ஓரிரு கிளைகளை அகலமான மென்துணிப் பட்டையால் தண்டோடு தளர்வாக இணைப்பதும் உதவும். கம்பியால் கட்டக் கூடாது. பட்டையில் அது வெட்டும் தழும்பு, நோய்க்கு நாமே திறந்துவிடும் கதவு.

அடுத்ததாக ஸ்பையர். ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் புகழ்பெற்ற ஹில்லியர் நாற்றுப்பண்ணையில், பூஜிச் செர்ரியும் சார்ஜன்ட் செர்ரியும் கலந்து உருவானது. மென்மையான ரோசா நிறப் பூவும், சார்ஜன்ட் வழியில் வந்த அருமையான இலையுதிர் நிறமும் உண்டு. நிழல்சாலை மரமாக நட இதைவிட நல்லது குறைவு. ஆனால் இது தூண் அல்ல, குவளை. இளமையில் ஒடுங்கியிருந்தாலும் நடுவயதில் 3 மீட்டரைத் தாண்டிவிடும். பின்தோட்டம் 6 மீட்டருக்கு மேல் அகலமுள்ளவர்கள் மட்டும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

உமினெக்கோ என்ற வெண்செர்ரியைப் பற்றி நம்மவர் பேசிக் கேட்டதில்லை. இன்னும் கவனிக்கப்பட வேண்டிய மரம் என்பது என் கருத்து. இதை உருவாக்கியவர் காலிங்வுட் இங்கிராம் (1880–1981). கென்ட் மாவட்டத்தின் பெனென்டன் ஊரில் ஒரு நூற்றாண்டு வாழ்வின் பெரும்பகுதியைச் செர்ரிகளுக்கே கொடுத்த ஆங்கிலேயர். ஜப்பானில் அற்றுப்போன தைஹாகு என்ற பெரிய வெண்செர்ரியைத் தன் தோட்டத்திலிருந்து அந்நாட்டுக்கே திருப்பிக் கொடுத்தவர் என்பதால் அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. தைஹாகு அகன்று பரவும் மரம். நம் கணக்கில் வராது. உமினெக்கோ என்றால் ஜப்பானிய மொழியில் சொல்லுக்குச் சொல் ‘கடற்பூனை’. பூனைபோல் கத்தும் ஒரு வகைக் கடற்காகத்துக்கு அவர்கள் வைத்த பெயர். அந்தப் பறவையின் வெண்மைதான் இந்தப் பூவின் வெண்மை. ஏப்ரலில் ஓரடுக்குப் பூக்களும் இளம்பச்சைத் தளிரும் ஒன்றாக விரிகின்றன. கிளைகள் ஏறுமுகமாக வளர்கின்றன; முதிர்ந்தால் இதுவும் மேலே சிறிது அகலும், 8 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஓரடுக்குப் பூ என்பதால் தேனீக்களுக்கு மகரந்தமும் தேனும் எளிதில் கிட்டும். அடுக்குப் பூக்கள் மழையில் நனைந்தால் ஈரத்துணிபோல் கிளையிலேயே ஒட்டிப் பழுப்பேறும். ஓரடுக்குப் பூ உதிர்ந்து சுத்தமாகிவிடும். உமினெக்கோவைத் தந்த அதே இனக்கலப்பில் பிறந்த ஸ்னோ கூஸ் என்ற வகையும் கிடைக்கிறது. அது சற்று அகலமானது, அவ்வளவே.

ரோசா நிறம் வேண்டுமா, வெள்ளை போதுமா என்பதில்தான் பெரும்பாலும் இந்தத் தேர்வு முடிகிறது. வேலியை ஒட்டி 3 மீட்டர் இடமும் நாள்முழுதும் வெயிலும் இருந்தால், மணத்துக்காகவும் தூண் வடிவத்துக்காகவும் நான் அமனோகவாவையே சொல்வேன். பின்தோட்டத்தில் காய்கறி போடுபவர்கள் பூச்சிகளின் வருகையை எண்ணி உமினெக்கோவை எடுத்தால் அதுவும் நல்ல தேர்வே. இரண்டையும் பாத்தியின் வடக்குப் பக்கத்தில் நட்டால், ஒடுங்கிய நிழல் வெந்தயக்கீரை மீதும் உருளைக்கிழங்கு மீதும் விழாது.

இவ்வளவும் சொன்னபின், முன்முற்றத்தைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஒடுங்கிய கிளைக்கு ஒடுங்கிய வேர் என்று பொருளில்லை. கடையில் வாங்கும் அலங்காரச் செர்ரி ஏதாவது ஓர் அடிச்செடியின் மேல் ஒட்டுக்கட்டியதாகவே இருக்கும். மேலே ஆடுவது அமனோகவா என்றாலும், மண்ணுக்குள் ஓடுவது வேறொன்றின் வேர். வழக்கமாகப் பயன்படும் எஃப்12/1 என்பது காட்டுச் செர்ரியிலிருந்து தேர்ந்தெடுத்த வீரியமான அடிச்செடி. கோல்ட் என்பது அதைவிடச் சற்று அடக்கமானது. இரண்டும் கென்ட் மாவட்டத்து ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் உருவானவை. செர்ரி வேர்கள் ஆழத்தில் இறங்குவதைவிட மேல்மண்ணில் ஓடுவதையே விரும்புகின்றன. தெருவோரக் கான்சான்களின் அடியில் நடைபாதைக் கற்கள் எழும்பிக் கிடப்பதைப் பார்க்காதவர் லண்டனில் இல்லை. போதாததற்கு இந்த நகரத்தின் பெரும்பகுதி நிற்பது கெட்டிக் களிமண்ணின் மேல். வறண்ட கோடையில் அந்த மண் சுருங்கும்போது, அருகில் மரம் நீரை உறிஞ்சினால் சுருக்கம் இன்னும் கூடி அடித்தளம் இறங்க வாய்ப்புண்டு. 1976-ஆம் ஆண்டின் பெருவறட்சிக்குப் பிறகு காப்பீட்டாளர்கள் மரத்தையும் சுவரையும் சேர்த்தே பார்ப்பதற்கு அதுவே காரணம். வில்லோ, ஓக் போன்ற மரங்களோடு ஒப்பிட்டால் செர்ரி மிதமாகவே நீர் குடிக்கிறது. ஆனாலும், பழைய வீட்டின் ஆழமற்ற அடித்தளத்திலிருந்து 3 மீட்டருக்குள் எந்த அமனோகவாவையும் நட நான் சம்மதிக்க மாட்டேன். கழிவுநீர்க் குழாய் முன்முற்றத்தின் அடியில் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய களிமண் குழாயின் விரிசலை வேர்கள் எப்படியும் தேடிக் கண்டுபிடிக்கும்.

அப்படியானால் முன்வாசலுக்கு என்ன? என் விடை கோஜோ-நோ-மாய். பூஜி மலைப் பகுதியின் செர்ரி இனத்தைச் சேர்ந்த குட்டை வகை இது. தரையில் விட்டாலே இரண்டு, இரண்டரை மீட்டருக்குள் மெதுவாக வளர்ந்து நின்றுவிடும். தொட்டியில் வைத்தால் இன்னும் அடங்கும். தூண் வடிவம் இல்லைதான். ஆனால் நமக்கு வேண்டியது வடிவத்தின் பெயரா, வாசலில் இடமா என்று எண்ணிப் பாருங்கள். மார்ச் மாதத்தில், தெருவில் வேறெதுவும் விழிக்காத நாட்களில், இலையில்லாத சிறு கிளைகள் முழுவதும் வெண்மையும் ரோசாவும் கலந்த மணிப்பூக்கள் தொங்கும்; பூவின் அடிப்புல்லி சிவப்பாக இருப்பதால் இதழ் உதிர்ந்த பின்னும் சில நாட்கள் செடி சிவந்தே தெரியும். இதை நான் விரும்புவதற்குப் பெரிய காரணம் குளிர்காலம். இதன் சிறுகிளைகள் நேராகப் போவதில்லை. ஒவ்வொரு கணுவிலும் திசை மாறி, கோலத்தில் இழை வளைவதுபோல் இடமும் வலமுமாக முறிந்து முறிந்து செல்கின்றன. டிசம்பர் மாலையில் வாசல் விளக்கின் வெளிச்சத்தில் அந்தக் கோடுகளின் நிழல் சுவரில் விழுவதை ஒருமுறை பார்த்தவர், இலையில்லாத செடியை வெறுஞ்செடி என்று சொல்ல மாட்டார்.

தொட்டி என்றால் 45 முதல் 50 சென்டிமீட்டர் வாயகலமாவது வேண்டும். பையில் வரும் லேசான மட்கு இரண்டு ஆண்டில் இறுகிவிடுவதால், தோட்டமண் கலந்த கனமான கலவையை, இங்கே ஜான் இன்ஸ் 3 என்று விற்பதை, நிரப்புங்கள். தொட்டியின் அடியில் சிறு கால்கள் வைத்து மழைநீர் வடிய விட வேண்டும். குளிர்காலத்தில் நீர் தேங்கினால் வேர் அழுகும். கோடையில் இரண்டு நாள் மறந்தால் இலை கருகும். ஜூலையில் ஊருக்குப் போகும் குடும்பங்கள் தண்ணீர் ஊற்ற அயலில் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போவதே தொட்டிச் செர்ரியைக் காக்கும் பெரிய வேலை. ஆண்டுதோறும் வசந்தத்தில் மேல்மண்ணில் விரற்கடை அளவு நீக்கிப் புதுமண் இடுவதும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொட்டி மாற்றுவதும் போதும். அமனோகவாவையும் தொட்டியில் வளர்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சில ஆண்டுகள் தாங்கும். ஆனால் உயரமான மரம் காற்றில் தொட்டியோடு சாயும், வேருக்கும் தாகம் தீராது. அந்த மரத்துக்கு அது நல்ல வாழ்வு அல்ல.

சிறியது என்று எண்ணி நம்மவர் ஏமாறும் இன்னொரு வகை, கிக்கு-ஷிதாரே என்ற தொங்கு செர்ரி. உயரம் 3 மீட்டருக்குள் நிற்பது உண்மை. ஆனால் குடைபோலக் கவிந்து அதே அளவு அகலத்தைத் தரையில் பிடித்துக்கொள்ளும். குறுகிய முற்றத்தில் நமக்குப் பஞ்சம் அகலத்துக்கே தவிர உயரத்துக்கல்ல. குளிர்காலத்தில் பூக்கும் ஆட்டம்னாலிஸ் வகையும் முதிர்ந்தால் அகன்றுவிடும். பூங்காவில் போய்ப் பார்த்து மகிழ வேண்டிய மரம் அது.

நிலம் நீர் தேங்கும் களிமண்ணாக இருந்தால், செர்ரி என்ற எண்ணத்தையே மறுபரிசீலனை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் ஒரு முழ ஆழக் குழி தோண்டி நீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அங்கே செர்ரி பிழைக்காது. அத்தகைய மண்ணில் வான் எசெல்டைன் என்ற நிமிர்ந்து வளரும் அலங்கார ஆப்பிள் மரம் செர்ரியைவிட நன்றாகத் தாங்கும். அடுக்கடுக்கான ரோசாப் பூ, தொலைவிலிருந்து செர்ரியென்றே தோன்றும். அமெலாஞ்சியர் ஓபலிஸ்க் என்ற ஒடுங்கிய மரமும் உண்டு. வெண்பூவும், உண்ணத் தகுந்த கருநீலச் சிறுபழமும், நல்ல இலையுதிர் நிறமும் தரும். செர்ரிதான் வேண்டும் என்ற மனப்பிடிப்பு எனக்கும் உண்டு. ஆனால் பிசின் ஒழுகிச் சாகும் செர்ரியைவிட உயிரோடு பூக்கும் ஆப்பிள் வாசலுக்கு அழகு.

நடுவதானால் நவம்பர் முதல் மார்ச் வரை தொட்டியில்லாமல் வேரோடு பிடுங்கி விற்கும் கன்றுகளை வாங்குவது மலிவு. தொட்டிக்குள் வேர் சுற்றிக்கொண்ட குறையும் அவற்றில் இருக்காது. குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேண்டாம். தண்டு வேராக விரியும் இடம் மண்மட்டத்தில் தெரிய வேண்டும், ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். ஊன்றுகோலைத் தண்டின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் மட்டும் கட்டினால், மரம் காற்றில் ஆடி ஆடித் தண்டு தடிக்கும். மூடாக்கு இடும்போது தண்டை ஒட்டாமல் ஒரு கை அகலம் விடுங்கள். முதல் இரண்டு கோடையும் வாரத்தில் இரு நாள் இரண்டு வாளித் தண்ணீர். மே மாதத்தில் நுனித் தளிர் சுருண்டு உள்ளே கறுப்பு அசுவினிகள் மொய்த்தால் பதற வேண்டாம். சிறு மரமென்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும். பிறகு பறவைகளும் பொறிவண்டுகளும் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை முடிவு இப்படி அமைந்தது. முன்வாசலில் தொட்டியில் கோஜோ-நோ-மாய் வைத்து நான்கு ஆண்டாகிறது. இன்னும் என் இடுப்புயரம்தான். பின்தோட்டத்தின் கோடியில், வீட்டிலிருந்து 9 மீட்டர் தள்ளி, அடியிலிருந்தே கிளை விட்ட அமனோகவாக் கன்று ஒன்றை நவம்பரில் நட இடம் அளந்து முளை அடித்திருக்கிறேன். வேலியிலிருந்து 2 மீட்டர் விட்டிருக்கிறேன். முன்பு நட எண்ணிய இடத்தைவிட அது ஒரு மீட்டர் உள்ளே. அதற்காகத் துணிக்கொடிக் கம்பத்தைப் பிடுங்கி மறுபக்கம் நட்டாயிற்று.